ஊர் யாருக்கு உரியது? – ஏலப்பாறையை முன்வைத்து ஒரு சிந்தனை

"உங்களுக்கு எந்த ஊர்?" தமிழர் இருவர் அயலிடத்தில் முதன்முறையாகச் சந்தித்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே எழுகின்ற வினா இது. ஊரிலேயே வாழ்பவர்க்கு இது எளிய வினா. ஊரை விட்டு வந்த நமக்கோ, விடை சொல்லுமுன் ஒரு கணம் தயங்கச் செய்யும் வினா. பிறந்த ஊரைச் சொல்வதா, பாட்டனார் பிறந்த ஊரைச் சொல்வதா, வாடகை கொடுத்து வாழும் ஊரைச் சொல்வதா? நம் பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, "அப்பாவுக்கு ஊர் அது, எனக்கு ஊர் இதுதான்" என்கின்றனர். அவர்கள் சொல்வது தவறென்று வாதிட நம்மிடம் சான்று இல்லை. சரியென்று ஒப்புக்கொள்ள மனமும் வருவதில்லை.

இத்தயக்கத்தின் அடியில் அறவியல் சார்ந்த ஒரு பெரிய வினா இருக்கிறது. ஓர் ஊர் யாருக்கு உரியது? முன்னே வந்தவர்க்கா? நிலத்தின் பத்திரத்தைப் பெட்டியில் வைத்திருப்பவர்க்கா? உழைத்து அதனை ஊராக்கியவர்க்கா? இவ்வினாவை வெறும் தத்துவமாக ஆராய்வதினும், ஒரு சிறிய ஊரை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன்தரும் என்று கருதுகிறேன். நான் எடுத்துக்கொள்ளும் ஊர் ஏலப்பாறை.

மலைமேல் ஒரு கடைவீதி

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், பீருமேடு வட்டத்தில் அமைந்த ஊர் ஏலப்பாறை. ஏலம், பாறை என்னும் இரு சொற்களும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. எனவே பெயரைக் கொண்டு அவ்வூர் எம்மொழியினர்க்கு உரியது என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. குட்டிக்கானத்திலிருந்து வரும் சாலையும், கட்டப்பனைக்குச் செல்லும் சாலையும், வாகமண்ணுக்கு ஏறும் சாலையும் கூடுமிடத்தில் கடைவீதி. அதனைச் சூழ்ந்த சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள். பெருநகர்க்குப் புறநகர்கள் எப்படியோ, அப்படியே அக்கடைவீதிக்கு அத்தோட்டங்கள். உழைப்பு தோட்டத்தில், உலகியல் கடைவீதியில்.

ஞாயிற்றுக்கிழமை அக்கடைவீதியைக் காண வேண்டும். கடைக்காரர் மலையாளத்தில் விலை சொல்வார். வாங்குபவர் தமிழில் பேரம் பேசுவார். இருவருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதில்லை. கிறித்தவத் தேவாலயத்தில் தமிழில் ஒரு வழிபாடு, மலையாளத்தில் ஒரு வழிபாடு. தோட்டத்து மாரியம்மன் கோயிற் கொடைக்கு மலையாள வணிகர் நன்கொடை தருவர். ஓணத்தின்போது தமிழ்ச் சிறுமியர் தேயிலைச் சரிவோரம் பூப்பறிக்கச் செல்வர். இவ்வாறு வாழும் மக்களிடம் சென்று, "இவ்வூர் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டால், "இதென்ன கேள்வி?" என்று சிரிப்பர். ஆயினும் அக்கேள்வியை வரலாறு கேட்டிருக்கிறது, சட்டமும் கேட்டிருக்கிறது.

வந்தவர் வரலாறு

"முன்னே வந்தவர்க்கே ஊர் உரியது" என்று கொண்டால், அம்மலைநாட்டில் அத்தகுதி உடையவர் ஊராளி, மலையரையர், பளியர் முதலிய பழங்குடி மக்களே. ஏனையோர் அனைவரும் வந்தவர்கள்தாம். பீருமேடு என்னும் பெயரே வந்தவர் ஒருவரின் நினைவாக அமைந்தது என்பது மரபு. தக்கலையில் அடங்கிய தமிழ்ச் சூஃபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பா அம்மலையில் தவமிருந்தார் என்றும், அதனால் அது பீர்மேடு ஆயிற்று என்றும் கூறுவர்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் வந்தனர். 1860களில் ஹென்றி பேக்கர் என்னும் பாதிரியார் முதலியோர் அம்மலையில் காப்பி பயிரிடலாயினர். காப்பிச் செடியை இலைநோய் அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. திருவிதாங்கூர் அரசிடம் நிலம் பெற்றுத் துரைமார் தோட்டம் அமைத்தனர். காட்டை வெட்டவும், சரிவைக் கொத்தவும், கொழுந்தெடுக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் கங்காணிமார் அவர்களை அழைத்து வந்தனர். கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, குமுளி மலையேறி, முன்பணக் கடனைத் தலையில் சுமந்து வந்தவர் நம்மவர். அதே மலையில், அதே காலத்தில், 1887 முதல் 1895 வரை, பென்னிகுயிக் தலைமையில் பெரியாற்று அணை எழுந்தது. 1886இல் திருவிதாங்கூரும் சென்னை அரசும் செய்துகொண்ட உடன்படிக்கை அவ்வணைக்கு நிலத்தை 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாக்கிற்று. நிலத்துக்கு 999 ஆண்டு உறுதி எழுதிய அந்நாளில், நிலத்தில் உழைத்தவர்க்கு ஒரு தலைமுறைக்கும் உறுதி எழுதப்படவில்லை.

அதன்பின் 1940களிலும் 1950களிலும் நடுத்திருவிதாங்கூரிலிருந்து மலையாள உழவர் குடும்பங்கள் மலையேறின. உணவுப் பஞ்சம் துரத்த வந்த அவர்களும் காட்டைத் திருத்தினர், காய்ச்சலால் மடிந்தனர், மிளகும் ஏலமும் நட்டனர். 1961இல் இடுக்கி அணைத் திட்டத்தை ஒட்டி அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து உழவர்கள் வெளியேற்றப்பட்டபோது, குமுளியை அடுத்த அமராவதியில் ஏ.கே. கோபாலன் அவர்களுக்காக உண்ணாநோன்பு இருந்தார். "திருத்தியவனுக்கே நிலம்" என்னும் அவ்வுழவர்தம் வாதத்தைக் காலப்போக்கில் அரசு பெருமளவு ஏற்றுக்கொண்டது.

உழைப்பு என்னும் உரிமைப் பத்திரம்

ஈண்டு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. உழைப்பே உடைமைக்கு ஊற்று என்று 17ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் ஜான் லாக் எழுதினார். பொதுவாய்க் கிடக்கும் நிலத்தில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால், அது அவனுடையதாகிறது என்பது அவர் கருத்து. மலையேறிய உழவர்க்கு இவ்வாதம் கை கொடுத்தது. அப்படியாயின் தேயிலைச் சரிவில் நான்கு தலைமுறை உழைப்பைக் கலந்த தொழிலாளிக்கு ஏன் கை கொடுக்கவில்லை? விடையை லாக்கின் நூலிலேயே காணலாம். தன் வேலையாள் வெட்டிய புற்கட்டியும் தனக்கே உடைமையாகும் என்று அவர் அதே இடத்தில் சொல்லிச் செல்கிறார். கூலி கொடுத்துவிட்டால் உழைப்பும் கொடுத்தவனுடையதாகிவிடுகிறது என்பது அதன் பொருள்.

கேரளத்தின் நிலச்சீர்திருத்தமும் இவ்வெல்லையில் வந்து நின்றது. 1963இல் இயற்றப்பட்டு, திருத்தம் பெற்று, 1970 சனவரி முதல் நாள் வலுவுடன் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் இந்தியாவிற்கே வழிகாட்டியது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைக்கு, ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை வாங்கிக்கொள்ளும் உரிமையை அது அளித்தது. ஆனால் தோட்டங்கள் நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றன. லயத்தில் வாழ்ந்தவர்க்கு அந்த 10 சென்ட் கிட்டவில்லை.

லயம் என்பது யாது என நகரத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரே கூரையின் கீழ், சுவர்களைப் பங்கிட்டுக்கொண்டு, வரிசையாக நிற்கும் சிறு வீடுகள். ஒரு வீட்டில் தாளிக்கும் மணம் அடுத்த வீட்டின் பசியைக் கிளப்பும். ஒரு வீட்டின் இழவுக்கு மறுவீட்டில் அடுப்பெரியாது. தொழிலாளர்க்கு வீடு தருவதை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தாரின் கடமையாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் அது தந்த வீடு வேலைக்குரிய வீடு, வாழ்வுக்குரிய வீடன்று. வேலை முடிந்தால் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மகனோ மகளோ பெயர் பதிந்து வேலை ஏற்றால் வீடு தங்கும். ஆகவே வீட்டைக் காக்கப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவதா, படிப்பைக் காக்க வீட்டை இழப்பதா என்னும் வினா எத்தனையோ குடும்பங்களில் எழுந்தது. நகரத்துப் புறநகரில் ஒரு மனை வாங்கக் கடன் விண்ணப்பம் எழுதும் நாம், இவ்வினாவின் கனத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2000ஆம் ஆண்டில் பீருமேடு தேயிலைக் கம்பெனியின் தோட்டங்கள் மூடப்பட்டன. பீருமேடு வட்டத்தில் வேறு தோட்டங்களும் பின்னர் நலிந்தன. வேலை நின்றது, ஆனால் மக்கள் போகவில்லை. பணிக்கொடை வந்து சேரும்வரை லயத்தை விட்டு இறங்க மாட்டோம் என்று இருந்தவர் பலர். போக வேறிடம் இல்லாமல் இருந்தவர் அவரினும் பலர். தோட்டம் கம்பெனிக்குரியது என்று பத்திரம் சொல்லிற்று. கம்பெனி போய்விட்டது, கூலிக்காரர் இருந்தனர். ஊர் யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு அக்காலம் வாய் திறவாமலே ஒரு விடை கூறிற்று.

வந்து போகும் மக்களா?

மொழிவழி மாநிலங்கள் அமைந்த காலத்தில் இவ்வினா அரசியல் வடிவம் கொண்டது. தேவிகுளமும் பீருமேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. 1955இல் அறிக்கை தந்த மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் முன், தோட்டத் தொழிலாளர் வந்து போகும் மக்கள், அவர்களை நிலைத்த குடிகளாக எண்ணலாகாது என்னும் வாதம் வைக்கப்பட்டது. 1956 நவம்பர் முதல் நாள் அவ்விரு வட்டங்களும் கேரளத்தில் அமைந்தன. 1972 சனவரி 26இல் இடுக்கி மாவட்டம் உருவானபோது அதன் பகுதிகளாயின. எல்லை எங்கே விழுந்திருக்க வேண்டும் என்பது என் பொருளன்று, அவ்வழக்கு முடிந்துவிட்டது. அவ்வாதத்தில் அடங்கியிருந்த கருத்தே என் பொருள். நான்கு தலைமுறையாய் ஒரு மலையில் பிறந்து, மணந்து, மடிந்த மக்களை, வீடு தங்கள் பெயரில் இல்லாத காரணத்தால் "வந்து போகிறவர்கள்" என்று எண்ண இயலுமானால், குடியிருப்பு என்னும் சொல்லுக்கு என்ன பொருள்?

இக்கேள்வி 1956உடன் ஓயவில்லை. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளிவந்தது. அந்நாளில் தம் முன்னோர் கேரளப் பகுதியில் நிலையாகக் குடியிருந்தனர் என்று காட்டினால்தான், தமிழகத்திலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளைக்கு அங்கே சாதிச் சான்றிதழ் கிடைக்கும். நிலமில்லாதவனிடம் பட்டா ஏது? எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடம் பள்ளிச் சான்று ஏது? தோட்டத்துப் பழம் பதிவேட்டில் ஒரு பெயர் கிடைத்தால் பேரனுக்குக் கல்லூரி, கிடைக்காவிட்டால் இல்லை. 2021இல் தேவிகுளம் தனித் தொகுதியில் வென்ற ஏ. ராஜாவின் வெற்றியைக் கேரள உயர்நீதிமன்றம் 2023இல் செல்லாது என்றது. உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் அது செல்லும் என்றது. அவ்வழக்கிலும் முன்னோர் 1950இல் எங்கே இருந்தனர் என்பது ஒரு வினாவாக நின்றது. சட்டமன்ற உறுப்பினர்க்கே இந்நிலையெனின், கொழுந்தெடுப்பவரின் மகளுக்கு எந்நிலை?

அலுவலக விதி கற்பிக்கும் பாடம்

நான் நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிபவன். தத்துவ நூல்களைவிட விதிப் புத்தகங்களையே மிகுதியாகப் புரட்டியவன். சொந்த ஊருக்குச் சென்றுவர ஊழியர்க்கு விடுமுறைப் பயணச் சலுகை உண்டு என்பது இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் பலவும் அறிந்ததே. 1956இல் தொடங்கிய அச்சலுகைக்கு 1988இல் வகுக்கப்பட்ட விதிகள் இன்று பொருந்துகின்றன. சொந்த ஊர் எது என ஊழியர் எழுதித் தர வேண்டும். ஒருமுறை எழுதியது பொதுவாக இறுதியானது. தக்க காரணம் காட்டினால், பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறை மாற்றலாம்.

எழுதித் தந்த ஊர் உண்மையில் சொந்த ஊர்தானா என்று ஐயம் எழுந்தால், அதனைத் தீர்க்கும் அளவுகோல்களும் அவ்விதிகளின் வழி உண்டு. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவே பார்க்க வேண்டும். முன்னது பொருந்தினால் பின்னதற்குச் செல்ல வேண்டுவதில்லை. இரண்டாவது, அங்கே சொந்த வீடு உண்டா என்பது. மூன்றாவது, நெருங்கிய உறவினர் உண்டா என்பது. நான்காவது, பணியில் சேருமுன் அங்கே வாழ்ந்ததுண்டா என்பது. முதலாவது யாது? குடும்பக் கடமைகளையும் சமுதாயக் கடமைகளையும் ஆற்ற, அவ்வூர் உன்னை அவ்வப்போது நேரில் அழைக்கிறதா என்பதே.

இதனை நான் முதன்முதலாக ஊன்றிப் படித்தபோது வியந்தேன். உணர்ச்சிக்கு இடமே இல்லாத அலுவலக நடையில், உடைமைக்கு முன்னே கடமையை வைத்திருக்கிறார்கள். என் பெற்றோர் ஏலப்பாறையை அடுத்த ஒரு தோட்டத்தில் பணிபுரிந்தவர்கள். தந்தையார் ஓய்வு பெற்றபின் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது அளவுகோலின்படி எனக்கு அவ்வூரில் ஒரு சாண் இடமும் இல்லை. ஆனால் தமக்கை மகளின் சீருக்கு மாமனாக நான் அங்கே நிற்க வேண்டும். தாயார் அடங்கிய மண்ணில் ஆண்டுக்கொரு முறை விளக்கேற்ற வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவர் நோயுற்றால் சென்று காணவில்லையென்றால் பழி வரும். ஆகவே சொந்த ஊர் என்னும் கட்டத்தில் ஏலப்பாறை என்று எழுதினேன்.

உடைமையும் உரிமையும்

இதிலிருந்து ஒரு வேறுபாடு தெளிவாகிறது. ஓர் ஊரில் உடைமை என்பது வேறு. உரிமை என்பது வேறு. 'இது எனக்குரியது' என்பது உடைமை. 'நான் இதற்குரியவன்' என்பதிலிருந்து பிறப்பது ஊருரிமை. உடைமையைப் பணத்தால் பெறலாம், விற்கவும் விடலாம். ஊருரிமை கடமையால் மட்டுமே வளரும். அதனை விற்க இயலாது.

"இவ்வாறு சொன்னால், வந்தவர் அனைவரும் உரிமை கோரி, மண்ணின் மைந்தரை நெருக்கிவிட மாட்டாரா?" என்று ஒருவர் தடை எழுப்பலாம். நியாயமான தடையே, இடுக்கி மலையில் பழங்குடியினர் நெருக்கப்பட்டதும் உண்மையே. ஆனால் அவர்களை நெருக்கியது உடைமை வேட்கை. ஊருக்குக் கடமைப்பட்டவன், அவ்வூரில் தனக்கு முன்னிருந்தவர்க்கும் கடமைப்பட்டவன். முன்னோரை மதியாதவன், நூறாண்டு வாழ்ந்தாலும் அங்கே நிலம் வைத்திருப்பவனே தவிர ஊர்க்காரன் ஆகான்.

இவ்வேறுபாட்டின் கடைசிச் சான்று இடுகாட்டில் கிடைக்கிறது. குட்டிக்கானத்தை அடுத்த பள்ளிக்குன்றில் ஒரு பழைய தேவாலயம் உண்டு. அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் மலையைத் தோட்டமாக்கிய துரைமார் பலர் துயில்கின்றனர். மன்றோ என்னும் துரையோடு அவர் குதிரைக்கும் அங்கே இடம் கிடைத்திருக்கிறது. அன்பின் அடையாளம் அது. குறை சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் காட்டை வெட்டிக் காய்ச்சலில் மடிந்த நம் பாட்டன்மார் பலர்க்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. தேயிலைத் தூரே அடையாளம்.

அண்மைக் காலத்திலும் ஒரு கொடிய நிகழ்ச்சி. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டத்தின் வடபகுதியில், இராஜமலையைச் சார்ந்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டனர். தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர் அவர்கள். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றுப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் பல. மீட்கப்பட்ட உடல்கள் இராஜமலையிலேயே அடக்கம் செய்யப்பட்டன. உறவினர் கயத்தாற்றிலிருந்து மலையேறி வந்து அழுதனர். வாழ்ந்தபோது ஒரு சுவரும் சொந்தமில்லாதவர்க்கு, மாண்டபின் ஆறடி மண் சொந்தமாயிற்று. வந்து போகும் மக்கள் என்று இனி அவர்களை யார் சொல்வார்?

நமக்குப் பின் வருபவர்

இவ்வளவும் நம்மவர்க்காக வழக்காடியதாகும். வழக்கு இத்துடன் முடிந்தால் கட்டுரை எழுத வேண்டுவதில்லை. விண்ணப்பம் எழுதினால் போதும். வினாவின் மறுபாதி இனிமேல்தான் வருகிறது.

லயத்துப் பிள்ளைகள் படித்து, திருப்பூருக்கும் சென்னைக்கும் கொச்சிக்கும் செல்கின்றனர். அவர்கள் விட்ட இடத்துக்கு இப்போது சார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். நம் பாட்டன்மார் குமுளி மலையேறி வந்ததுபோல், இவர்கள் மூன்று நாள் தொடர்வண்டியில் வருகின்றனர். இவர்கள் பேச்சு நமக்கு விளங்கவில்லை. இவர்கள் சமையல் மணம் நமக்குப் பிடிக்கவில்லை. "இவர்கள் இன்று வந்து நாளை போகிறவர்கள்" என்று நம்மவர் சொல்வதைக் காதாரக் கேட்டிருக்கிறேன். அச்சொல் எங்கே பிறந்தது, யாரைக் குறித்து முதலில் சொல்லப்பட்டது என்பதை நாம் மறக்கலாமா?

இது மலைக்கு மட்டும் உரிய செய்தியன்று. மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும், தில்லியின் குடியிருப்புகளிலும், பெங்களூரின் புறநகர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். நாம் வந்த நாளில் வீடு தர மறுத்தவர் உண்டு. நம் மொழியைக் கேலி செய்தவர் உண்டு. இன்று நம்மிடம் சொந்த வீடு இருக்கிறது. வாடகைக்கு விட ஒரு மாடியும் இருக்கலாம். அங்கே குடிவர வந்து நிற்பவரிடம் நாம் முதலில் கேட்பது என்ன?

விழாதோறும் நாம் கணியன் பூங்குன்றனாரின் பாடலை, புறநானூற்றின் 192ஆம் பாடலை, ஒலிபெருக்கியில் முழக்குகிறோம். அதனை ஊர் ஊராய்ச் செல்பவனின் பெருமையாக மட்டும் பாடுகிறோம். வந்தவனை எதிர்கொள்பவனின் கடமையாகவும் அதனைப் பாடலாமே. எந்த ஊருக்கும் போக எனக்கு உரிமை உண்டெனின், என் ஊருக்கு வரப் பிறர்க்கும் உரிமை உண்டு. ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுப்பவன் அப்பாடலில் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவன்.

தமிழில் 'ஊர்' என்னும் சொல் பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். பெயராயின் மக்கள் நிலைத்த இடம். வினையாயின் மெல்ல நகர்தல். இரண்டும் ஒரே ஒலியில் அமைந்தது தற்செயலே ஆகலாம். ஆயினும் நம்மைப் போன்றோர்க்கு அதில் ஒரு பொருள் உண்டு. நகர்ந்து வந்தவர்களாலேயே ஊர்கள் ஆயின. ஏலப்பாறையும் அப்படித்தான் ஆயிற்று. நாம் வாழும் நகரங்களும் அப்படியே ஆயின.

எனவே நம் பிள்ளைகள் "எனக்கு ஊர் எது?" என்று கேட்டால், பாட்டன் பெயரையும் பட்டாவையும் தேடித் திகைக்க வேண்டா. "உன்னை எந்த ஊர் கடமைக்கு அழைக்கிறதோ அது உன் ஊர், ஒன்றுக்கு மேற்பட்ட ஊர் அழைத்தால் நீ பேறு பெற்றவன்" என்று சொல்வோம். அடுத்த தெருவில் நேற்று வந்திறங்கிய குடும்பத்துக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொல்வோம்.